எண் மட்டும்

வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடி.
ராத்திரி ஏழு மணி வகுப்பு.
மூன்றாம் நாள் பயிற்சி இவ்வளவுதான்:
வயதைக் கேள்.
எண் வந்தால் வாங்கிக்கொள்.
வேறு எது வந்தாலும் மறுபடி கேள்.

ஆல்ட்ரின் சார் போர்டில் இரண்டு சோதனை எழுதிப் போட்டார்.
ஒன்று ஏபிசி, மற்றது மைனஸ் ஐந்து.
எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஏபிசி என்று ஒருத்தரும்
என்னிடம் வயது சொன்னதில்லை.

பகலில் நான் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி,
புறநோயாளிச் சீட்டு, நாலாம் ஜன்னல், ஒப்பந்த வேலை.
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து வருவது:

‘அறுவது இருக்கும்.’
‘போன தடவ என்ன போட்டியளோ அதையே போடுங்க.’
‘எனக்கா, அவியளுக்கா?’
‘தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல நான் கைப்பிள்ள.
நீயே கணக்குப் பாத்துக்கோ.’
‘காதுவலிக்கு எதுக்கு வயசு?’

மானூர்க்காரி ஒருத்தி
மூத்த மகன் வயதைச் சொல்லி
அதோடு பதினேழைக் கூட்டச் சொன்னாள்.
கூட்டிச் சொன்னேன்.
உதட்டை அசைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான்
சீட்டை வாங்கினாள்.

இத்தனை பேரையும் கூட்டிக்கொண்டுதான்
கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் ஓட்டத்தில் பூஜ்யம் அடித்தேன்.
‘தவறான வயது’ என்றது.
நான் எழுதிய நிபந்தனைதான்:
பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.
காலையில்தான் ஒரு பிள்ளை வந்திருந்தது,
துண்டில் சுற்றி, மஞ்சள்காமாலையோடு,
பிறந்து மூன்று நாள்,
பெயர் கட்டத்தில் ‘ஆண் குழந்தை’ என்றே போட்டேன்.
பெரிதின் குறிக்குப் பக்கத்தில்
ஒரு சமக்குறி சேர்த்தேன்.
மறுபடி பூஜ்யம்.
போ, உள்ளே போ.

மேல்வரம்பு நூறு போதும் என்றார் சார்.
களக்காட்டு செபஸ்தியம்மாளுக்கு நூற்றிரண்டு.
நாய் கடித்து
நாலு ஊசிக்கும் தேதி தவறாமல் வந்தவள்.
நான் நூற்றிருபது போட்டேன்.

பூஜ்யத்துக்கு ஆங்கில ஓ அடிப்பாள்
மூன்றாம் ஜன்னல் சுடலைக்கனி.
எண்ணுக்கு முன்னால் இரண்டு வெற்றிடம் விட்டு
எதற்கு என்றால் ‘அழகா இருக்கு’ என்பாள்.
வெற்றிடத்தை உதிர்க்க ஒரு வரி.
ஓவை எண்ணாக்க மனசு வரவில்லை.
‘செல்லாத உள்ளீடு’ என்றிருந்ததை மட்டும் அழித்து
‘எண்ணாப் போடுங்க, 40 மாதிரி’ என்று எழுதினேன்.

ஆதாரை வீட்டில் மறந்துவிட்டு
ஜாதக நோட்டை ஜன்னலுக்குள் நீட்டிய
முன்னீர்பள்ளத்துக்காரர் ஞாபகம் வந்தது.
ஆவணி ௰௩ என்றிருந்தது அதில்.
செல்போனிலிருந்து எடுத்து ஒட்டிப் பார்த்தேன்.
௰௩: ‘எண்ணாப் போடுங்க, 40 மாதிரி.’
சும்மா, ௧௩ என்று மாற்றினேன்.
பதிமூன்று என்று வாங்கிக்கொண்டது!
யார் சொல்லிக்கொடுத்தது இதற்கு?
ஒன்றும் மூன்றும் தமிழில் தெரிகிறது.
பத்துக்கென்று தனியாக ஒரு குறி இருந்ததுதான்
அதற்கு ஏறவில்லை.
சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அவருக்கும் தெரியவில்லை. இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார்.

பிறகு எல்லாரையும் கூப்பிட்டார்.
என் நாற்காலிக்குப் பின்னால்
பதினோரு பேரின் மூச்சு.
‘பிரம்மசக்தி, உங்க வயசையே போட்டு ஓட்டிக் காட்டுங்க.’

முப்பதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதிக் கட்டணம்.
சேர்க்கைப் படிவத்தில்
இருபத்தொன்பது என்று எழுதியிருந்தேன்.
முதல் பிரசவத்துக்கே
அந்த வயதில்தான் போயிருந்தேன்.
மகள் இப்போது பால்வாடி முடித்துவிட்டாள்.

திரையில் கோடு மினுக்கி மினுக்கிக் காத்திருந்தது.
அது அவசரப்படாது.
கேட்டதையே கேட்கும், விடிய விடியக் கேட்கும்,
அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

29.

‘நன்றி’ என்றது.
சார் என் நோட்டில் சிவப்பு மையில் டிக் போட்டார்.
எண்தானா என்று மட்டும் பார்க்கத்தான்
நான் அதற்குச் சொல்லியிருந்தேன்.